சோடியத்தின் பதினோராவது எலக்ட்ரான்

ரசமோ சாம்பாரோ பொங்கி அடுப்பில் வழியும்போது பார்த்திருப்பீர்கள். அதுவரை நீலமாக எரிந்துகொண்டிருந்த கேஸ் சுடர் சட்டென்று மஞ்சளாகும். யாராவது ஓடிவந்து அடுப்பை சிம்மில் வைப்பதற்குள் இரண்டு மூன்று முறை பளிச்சிட்டுவிடும். மஞ்சள்தூள் போட்டதால் வந்த நிறம் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் உப்புத் தண்ணீர் வழிந்தாலும் இதே மஞ்சள்தான். அது உப்பிலுள்ள சோடியத்தின் வேலை. இன்னும் நுணுக்கிச் சொன்னால், சோடியம் அணுவில் இருக்கும் 11 எலக்ட்ரான்களில் கடைசியாக இருக்கும் ஒன்றின் வேலை.

அணு அமைப்பு ஒரு பாடம், தனிம வரிசை அட்டவணை இன்னொரு பாடம் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். முதல் பாடத்தில் வட்டத்துக்குள் வட்டம் வரைந்து புள்ளி வைப்போம். இரண்டாவதில் 118 கட்டங்களைப் பார்த்து மலைத்துப்போய், முதல் 20 பெயர்களை மட்டும் உருப்போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போவோம். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது எனக்குப் பள்ளியில் பிடிபடவே இல்லை. அந்தப் பதினோராவது எலக்ட்ரானின் கையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பாடத்திலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். வாருங்கள்.

மிளகும் தெப்பக்குளமும்

அணுவின் நடுவில் அணுக்கரு. அதற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும். வெளியே எலக்ட்ரான்கள். சோடியத்துக்கு 11 புரோட்டான், 12 நியூட்ரான், 11 எலக்ட்ரான். புரோட்டான் எண்ணிக்கைதான் அணு எண். அதுதான் அணுவின் அடையாள அட்டை. நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் சோடியம் சோடியமாகவே இருக்கும், ஐசோடோப்பு என்று சொல்வோம். எலக்ட்ரான் போனாலும் சோடியம்தான், அயனி என்று சொல்வோம். ஆனால் ஒரே ஒரு புரோட்டான் கூடிவிட்டால் அது மெக்னீசியம். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் வரும் 23 நிறை எண். எலக்ட்ரானின் நிறை புரோட்டானில் சுமார் 1,836-ல் ஒரு பங்குதான் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புத்தகத்துப் படத்தில் அணுக்கரு எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும், பக்கத்திலேயே எலக்ட்ரான் சுற்றிக்கொண்டிருக்கும். தாளில் இடம் இல்லை, அதனால் அப்படி வரைகிறார்கள். உண்மை அளவு வேறு. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். நடுவில் இருக்கும் மைய மண்டபத்தில் ஒரு மிளகை வையுங்கள். மிளகுதான் ஹைட்ரஜனின் அணுக்கரு என்றால், முழுத் தெப்பக்குளமும் சேர்ந்து ஹைட்ரஜன் அணு. அணுவின் நிறையெல்லாம் அந்த மிளகுக்குள். மீதி இடத்தில் இருப்பது எலக்ட்ரான் மட்டும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின்மேல் நேர்மின்சுமை கொண்ட ஆல்ஃபா துகள்களை விட்டார்கள். பெரும்பாலானவை தகடு என்று ஒன்று அங்கே இல்லாததுபோல நேராகப் போய்விட்டன. மிகச் சில மட்டும் முட்டித் திரும்பின. அணுவுக்குள் பெரும்பகுதி காலி இடம், நிறையெல்லாம் நடுவில் ஒரு சின்ன இடத்தில் குவிந்திருக்கிறது என்று 1911-ல் ரூதர்ஃபோர்டு சொன்னது இதை வைத்துத்தான்.

சரி, அந்தக் காலி இடத்தில் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன? சோடியம் என்றால் 2, 8, 1 என்று எல்லாரும் சொல்லிவிடுவீர்கள். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 1. அணுவுக்குள் எட்டிப்பார்த்து யார் எண்ணினார்கள்?

பிடுங்கிப் பார்த்து எண்ணியது

கண்ணால் எண்ண முடியாது. ஆனால் ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம், பிடுங்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளக்கலாம். வாயு நிலையில் இருக்கும் ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை) அணுக்களில், அணுவுக்கு ஒன்றாக எலக்ட்ரானை வெளியே எடுக்க ஆகும் செலவுதான் முதல் அயனியாக்கும் ஆற்றல். அடுத்ததை எடுக்க ஆகும் செலவு இரண்டாவது அயனியாக்கும் ஆற்றல். இப்படியே கடைசி எலக்ட்ரான்வரை போகலாம். சோடியத்தின் 11 எலக்ட்ரான்களுக்கும் அளந்த எண்கள் இவை, எல்லாம் கிலோஜூலில்:

496
4,562
6,910
9,543
13,354
16,613
20,117
25,496
28,932
1,41,362
1,59,076

மேலிருந்து கீழே நிதானமாக ஒருமுறை படியுங்கள். எண்கள் ஏறிக்கொண்டே போவதில் ஆச்சரியம் இல்லை. அணுக்கருவில் அதே 11 புரோட்டான்கள், இழுக்க வேண்டிய எலக்ட்ரான்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, பிடி இறுகத்தான் செய்யும். ஆனால் ஏற்றம் ஒரே சீராக இல்லை. முதல் எலக்ட்ரான் 496-க்கு வந்துவிட்டது, இரண்டாவதற்கு ஒன்பது மடங்குக்கு மேல் கேட்கிறது. அதற்குப் பிறகு எட்டு எலக்ட்ரான்கள் படிப்படியாக ஏறுகின்றன. பத்தாவதை எடுக்கப்போனால் மறுபடி ஒரு தாவல், 28,932-லிருந்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

தாவல் விழும் இடங்களில் கோடு போட்டுப் பாருங்கள். ஒன்று, எட்டு, இரண்டு. வெளியிலிருந்து உள்ளே போனதால் வரிசை தலைகீழாக வந்திருக்கிறது. திருப்பிப் போட்டால் 2, 8, 1.

என்னைக் கேட்டால், எலக்ட்ரான் அமைப்பு என்ற பாடத்தை இந்தப் பதினோரு எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். கூடு என்பது அணுவுக்குள் போட்டுவைத்த தண்டவாளம் இல்லை என்பதும் இதில் புரிந்துவிடும். நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி 1913-ல் சொன்ன வட்டப்பாதைப் படம் வரைவதற்கு வசதி, அவ்வளவுதான். எலக்ட்ரான் இந்தக் கோட்டில்தான் ஓடுகிறது என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஏறத்தாழ ஒரே பிடியில் இருக்கும் எலக்ட்ரான்களின் கூட்டம்தான் ஒரு கூடு.

அடுப்பு மஞ்சளுக்குக் காரணமும் இதே 496-தான். பதினோராவது எலக்ட்ரான் தளர்வாக இருக்கிறது. சுடரின் சூட்டில் உப்பிலிருந்து சோடியம் அணுக்கள் உருவாகும்போது, இந்த எலக்ட்ரான் எளிதாக ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. அங்கே நிற்க முடியாமல் திரும்பி விழும்போது 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை விடுகிறது. நம் கண்ணுக்கு அது மஞ்சள். தெருக்களில் முன்பு எரிந்த சோடியம் விளக்குகளிலும் இதே எலக்ட்ரான்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு இடைச்செருகல். "எட்டு ஆக வேண்டும் என்று சோடியம் ஆசைப்பட்டு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது" என்று வகுப்பில் சொல்வார்கள். நினைவில் வைக்க உதவும்தான், ஆனால் 496 செலவழித்தால்தான் அந்த எலக்ட்ரான் வரும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆசையோடு கொடுப்பவர் கட்டணம் கேட்பாரா? குளோரின் அதை வாங்கிக்கொள்ளும்போது 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. அப்போதும் 147 நஷ்டம். நேர்மின் சோடியம் அயனியும் எதிர்மின் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. வியாபாரம் கட்டுபடியாவது அங்கேதான். அதே கணக்கில் இரண்டாவது எலக்ட்ரானையும் எடுக்கலாமே என்றால் 4,562 ஆகும், எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது. சோடியத்தின் இணைதிறன், அதாவது சேரும்போது அது கொடுக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை, 1 என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த ஒரு எலக்ட்ரான் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனியுங்கள். இருந்தால் அது உலோக சோடியம். மண்ணெண்ணெய்க்குள் வைத்துக் காக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் சீறி ஓடும். இல்லையென்றால் அது சோடியம் அயனி. தினமும் சோற்றோடு சாப்பிடுகிறோம்.

இப்போது கட்டங்கள்

மெக்னீசியத்துக்கு இதே வேலையைச் செய்தால் 738, 1,451, பிறகு 7,733. தாவல் இரண்டுக்குப் பிறகு. அலுமினியத்துக்கு 578, 1,817, 2,745, அப்புறம் 11,577. தாவல் மூன்றுக்குப் பிறகு. தளர்வான எலக்ட்ரான் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போய் ஆர்கானில் எட்டு ஆகிறது. அடுத்து வரும் பொட்டாசியத்தில் 419, உடனே 3,052. மறுபடி ஒன்றுக்குப் பிறகு தாவல். சோடியத்தில் பார்த்த அதே முகம்.

முகம் திரும்ப வந்ததும் புதிய வரிசை தொடங்கிவிடுங்கள். பொட்டாசியத்தை சோடியத்துக்கு அடியில் எழுதுங்கள். தனிம வரிசை அட்டவணை இவ்வளவுதான். குறுக்கே போகும் வரிசை தொடர். மேலிருந்து கீழே வருவது தொகுதி. எத்தனையாவது கூடு நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பதைத் தொடர் சொல்லும், வெளிக்கூட்டின் முகத்தைத் தொகுதி சொல்லும். லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. மூன்றும் ஒரே தொகுதி, மூன்றும் தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்காது. ஆவர்த்தன அட்டவணை என்ற பெயரில் ஆவர்த்தனம் என்பது இந்தத் திரும்பத் திரும்ப வருதலைத்தான். கர்நாடக இசைக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தாளத்தின் ஆவர்த்தனம் தெரிந்திருக்கும், அதே சொல்.

வேடிக்கை என்னவென்றால், 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் இந்த அட்டவணையைப் போட்டபோது அவருக்கு எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தாம்சன் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். மெண்டலீவ் கையில் இருந்தவை 63 தனிமங்கள், அவற்றின் அணு எடைகள், எது எதோடு எந்த விகிதத்தில் சேரும் என்ற விவரங்கள். எடை வரிசையில் வைத்துப் பார்க்கும்போது முகங்கள் திரும்ப வருவதைக் கவனித்தார். அந்த ஒழுங்கின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அசாத்தியமானது. பொருந்தாத இடத்தில் தனிமத்தை நெருக்கித் தள்ளாமல் கட்டத்தைக் காலியாக விட்டார். "இங்கே ஒன்று இருக்க வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை" என்று அர்த்தம். அலுமினியத்துக்கு அடியில் இருந்த காலிக் கட்டத்துக்கு ஏகா அலுமினியம் என்று பெயரும் வைத்தார். ஏகா என்பது ஒன்று எனப் பொருள்படும் சமஸ்கிருதச் சொல். அலுமினியத்திலிருந்து ஓர் இடம் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1875-ல் பிரான்சில் புவாபோத்ரான் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்து காலியம் என்று பெயரிட்டார். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.7 கிராம் என்று அளந்தார். மெண்டலீவ், தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், அது 5.9-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இன்னும் சுத்தப்படுத்தி அளந்து பாருங்கள் என்றார். அளந்தார்கள். 5.9 வந்தது. (காலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும். சென்னையில் மே மாதம் மேசைமேல் வைத்தால் அதுவாகவே குழம்பாகிவிடும்.)

ஆனால் எடை வரிசையிலும் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. டெலூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும். குணத்தைப் பார்த்தால் அயோடின் குளோரின், புரோமின் குடும்பத்தைச் சேர்ந்தது, பின்னால்தான் வர வேண்டும். மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார், டெலூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருப்பார்கள் என்று நினைத்தார். எடை சரியாகத்தான் இருந்தது. வரிசைப்படுத்த எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் தவறு. 1913-ல் மோஸ்லே என்ற இளைஞர் தனிமங்கள் விடும் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒன்று ஒன்றாகக் கூடும் ஒரு முழு எண் இருப்பதைக் காட்டினார். அதுதான் அணு எண், அணுக்கருவின் நேர்மின்சுமை. டெலூரியம் 52, அயோடின் 53. பிரச்சினை தீர்ந்தது. இரண்டே வருடத்தில், முதல் உலகப்போரில் கலிப்போலியில் மோஸ்லே கொல்லப்பட்டார். வயது 27.

பொட்டாசியத்தில் ஒரு சிக்கல்

கவனமாகப் படிக்கும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் வரை இருக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் பொட்டாசியம் ஏன் 2, 8, 9 ஆக இல்லாமல் 2, 8, 8, 1 ஆக இருக்கிறது? நல்ல கேள்வி. "அப்படித்தான், எழுதிக்கொள்" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம்.

முதலில், 2, 8, 9 இல்லை என்பதற்கு ஆதாரம் மேலேயே இருக்கிறது. 419-க்குப் பிறகு உடனே 3,052. ஒன்பது பேர் ஒரே கூட்டில் இருந்தால் முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவில் ஏழு மடங்கு தாவல் வராது. பத்தொன்பதாவது எலக்ட்ரான் தனியாகத்தான் இருக்கிறது.

காரணம் இதுதான்: கூட்டுக்குள் துணைக்கூடுகள் உண்டு. எஸ் என்பதில் 2, பி என்பதில் 6, டி என்பதில் 10, எஃப் என்பதில் 14 எலக்ட்ரான்கள் கொள்ளும். மூன்றாவது கூட்டின் 18 என்பது 2, 6, 10 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஆர்கானில் மூன்றாவது கூட்டின் எஸ்ஸும் பியும் நிரம்பிவிட்டன, டி காலி. அடுத்த எலக்ட்ரானுக்கு முன்னால் இரண்டு இடங்கள்: மூன்றாவது கூட்டின் டி, நான்காவது கூட்டின் எஸ். எஸ் எலக்ட்ரானுக்கு ஒரு பழக்கம், பெரும்பாலும் வெளியே இருந்தாலும் அவ்வப்போது அணுக்கருவுக்கு மிக அருகே போய்வரும். அதனால் அதன் ஆற்றல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது, பொட்டாசியத்தில் 4எஸ், 3டியைவிடக் கீழே வந்துவிடுகிறது. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும். பொட்டாசியம், கால்சியம் இரண்டிலும் 4எஸ் நிரம்புகிறது. பிறகு ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்களில் விட்டுப்போன 3டி நிரம்புகிறது. நடுவில் குரோமியமும் தாமிரமும் 4எஸ்ஸிலிருந்து ஒன்றை 3டிக்கு எடுத்துக்கொள்ளும். அது பதினோராம் வகுப்புக்குப் போனதும் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையைத் தள்ளி நின்று பாருங்கள். இடது ஓரத்தில் இரண்டு பத்தி. வலது பக்கம் ஆறு பத்தி. நடுவில் தாழ்வாகப் பத்துப் பத்தி. அடியில் தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசைகளின் அகலம் பதினான்கு. 2, 6, 10, 14. அட்டவணையின் அந்தக் கோணல்மாணல் வடிவம் யாரோ அழகுக்காகப் போட்டதல்ல, துணைக்கூடுகளின் கொள்ளளவு. அடியில் உள்ள இரண்டு வரிசைகளும் நடுவில் செருக வேண்டியவைதான். செருகினால் தாள் போதாது என்று கீழே வைத்திருக்கிறார்கள்.

ஏழு தொடர்களிலும் தனிமங்களை எண்ணினால் 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்கள், 118. கடைசிக் கட்டமான ஓகனெசனுக்கு 2016-ல் பெயர் வைத்தார்கள், ஏழாவது தொடர் நிரம்பிவிட்டது. 119 என்று ஒன்றை உருவாக்கினால் அது எட்டாவது தொடரின் முதல் கட்டத்தில், சோடியத்தின் பத்தியில் போய் உட்கார வேண்டும்.

போக்குகள், இரண்டு தடுமாற்றங்கள்

தொடரில் இடமிருந்து வலம் போகப் போக அணு சிறுக்கும், அயனியாக்கும் ஆற்றல் கூடும் என்று பாடத்தில் இருக்கும். அணுக்கருவில் புரோட்டான் கூடுகிறது, எலக்ட்ரான் அதே கூட்டில்தான் சேர்கிறது, இழுப்பு அதிகமாகிறது. தொகுதியில் கீழே போனால் வெளிக்கூடு தள்ளிப்போகிறது, பிடி தளர்கிறது: லித்தியம் 520, சோடியம் 496, பொட்டாசியம் 419, சீசியம் 376. சீசியம் தண்ணீரில் வெடிப்பதற்கு இந்தத் தளர்ச்சியும் ஒரு காரணம்.

மூன்றாவது தொடரின் எண்கள்: 496, 738, 578, 787, 1,012, 1,000, 1,251, 1,521. இரண்டு இடத்தில் கால் இடறுகிறது. மெக்னீசியத்தைவிட அலுமினியம் குறைவு, ஏனென்றால் பதின்மூன்றாவது எலக்ட்ரான் எஸ்ஸில் இடமில்லாமல் சற்று உயரமான பியில் ஏறுகிறது, அங்கிருந்து இறக்குவது சுலபம். பாஸ்பரஸைவிடக் கந்தகம் கொஞ்சம் குறைவு. பியில் மூன்று அறைகள். பாஸ்பரஸின் மூன்று பி எலக்ட்ரான்களும் அறைக்கு ஒன்றாக இருக்கின்றன. கந்தகத்தின் நான்காவது, ஏற்கெனவே ஆள் இருக்கும் அறையில் போய்ச் சேர வேண்டியிருக்கிறது, ஒரே மின்சுமை என்பதால் இரண்டும் விலக்கிக்கொள்கின்றன. தேர்வில் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடறல்களைத்தான்.

குண்டூரில் தெரிந்த மஞ்சள்

1868 ஆகஸ்ட் 18-ல் முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்குப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் வந்து சேர்ந்தார். இன்னும் சிலர் வேறு இடங்களில் கருவிகளோடு காத்திருந்தார்கள். சூரியன் மறைந்த அந்தச் சில நிமிடங்களில் அதன் விளிம்பிலிருந்து வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. மஞ்சள் என்றால் சோடியமாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருப்பவை. இந்தக் கோடு 587.6-ல் இருந்தது. இங்கிலாந்தில் லாக்கியரும் அதே கோட்டைக் கண்டு, பூமியில் இதுவரை தெரியாத தனிமம் என்று முடிவுகட்டினார். சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து ஹீலியம் என்ற பெயர் வந்தது. பூமியில் அது ராம்சேயின் கையில் சிக்கியது 1895-ல்.

மெண்டலீவின் அட்டவணையில் ஹீலியத்துக்கு இடம் இல்லை. 1894-ல் ஆர்கான் கிடைத்தபோதும் எங்கே வைப்பது என்று குழம்பினார்கள். 1898-ல் நியான், கிரிப்டான், செனான் மூன்றும் கிடைத்தன. கடைசியில் ஓரமாக ஒரு முழுப் பத்தியையே சேர்த்தார்கள். மற்ற கட்டங்கள் எதையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை. ஹீலியத்தில் எலக்ட்ரான் இரண்டே இரண்டு, முதல் கூடு நிறைந்துவிட்டது. அதில் ஒன்றை எடுக்க 2,372 கிலோஜூல் ஆகும், எல்லாத் தனிமங்களிலும் இதுதான் அதிகம். வெளியே இரண்டு இருந்தும் அதை மெக்னீசியத்தின் பத்தியில் வைக்காமல் நியானுக்கு மேலே வைத்திருப்பது அதனால்தான்.

போகும் முன் ஒரு கணக்கு. ஒரு தனிமத்தின் அயனியாக்கும் ஆற்றல்கள் முறையே 787, 1,577, 3,232, 4,356, 16,091. மூன்றாவது தொடரைச் சேர்ந்தது. கடற்கரை மணலில் ஆக்சிஜனோடு சேர்ந்து கிடக்கிறது, உங்கள் போனின் சிப்பிலும் இருக்கிறது. எந்தத் தொகுதி, என்ன பெயர்? அட்டவணையைப் பார்க்காமல் தாவலை மட்டும் தேடுங்கள்.